ஜீவனியில் சீனி எதற்கு?

2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எனக்கு 11 வயது. தம்பிக்கு வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கூடாரத்து மாமி எங்கிருந்தோ ஒரு ஜீவனிப் பைக்கற், அதாவது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள், வாங்கி வந்து தந்தார். அம்மா அதை வெட்டி ஒரு பிளாஸ்ரிக் போத்தலுக்குள் கொட்டினார். வெறும் பைக்கற்றின் மூலையில் ஒட்டியிருந்த தூளை நான் நக்கிப் பார்த்தேன். உப்பும் தெரிந்தது, இனிப்பும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து நாக்குக்கு ஒத்துவரவில்லை.

“ஏனம்மா உப்புக்குள்ள சீனி போட்டிருக்கு?”

“சின்னப் பிள்ளையள் குடிக்க வேணுமெல்லே, அதுக்குத்தான். நீ போய்த் தண்ணி வரிசையில நில்லு.”

அம்மா சொன்னது சரியில்லை என்று உயர்தரம் படிக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இப்போது கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டிலில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். கல மென்சவ்வுப் பாடம் வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். பிள்ளைகளிடமிருந்து வழக்கமாக இரண்டு பதில் வரும். ஒன்று அம்மா சொன்னது: ருசிக்கு. மற்றது: களைத்த உடம்புக்குத் தெம்பு கொடுக்க. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் சீனியை அதற்காகப் போடவில்லை. சீனி கூட இருந்தால்தான் அந்த உப்பு குடலிலிருந்து இரத்தத்துக்கு ஒழுங்காகப் போகும். உப்புப் போனால்தான் பின்னால் தண்ணீர் போகும். இது ஏன் இப்படி என்று விளங்க வேண்டுமானால், ஒரு கலத்தின் எல்லையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கலம் என்று நாங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டில் செல் என்பார்கள். அதைச் சுற்றியிருக்கும் தோல் போன்ற படைதான் கல மென்சவ்வு. எவ்வளவு மெல்லியது என்றால், 7 முதல் 8 நனோமீற்றர். ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு இலட்சத்துக்கும் மேல் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் உயரம் வரும்.

வகுப்பில் இதை நான் இரணைமடுக் குளக்கட்டை வைத்துத்தான் சொல்வது வழக்கம். கட்டு இல்லாவிட்டால் குளம் இல்லை, தண்ணீர் எல்லாம் காட்டுக்குள் ஓடிவிடும். ஆனால் கட்டை மட்டும் போட்டுவிட்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசை வைக்காமல் விட்டால் அந்தக் குளத்தால் ஒரு வயலுக்கும் பிரயோசனம் இல்லை. மழை கூடினால் திறக்க வான்கதவும் வேண்டும். கலமும் அப்படித்தான். உள்ளே இருக்க வேண்டியதை விடாமல் வைத்திருக்கவும் வேண்டும், வேண்டியதை எடுக்கவும் கழிவை விடவும் வேண்டும். ஒரே சவ்வு இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது.

இந்த உவமையை நிறைய இழுத்தால் கிழிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளக்கட்டு மண்ணும் கல்லும். மென்சவ்வு கிட்டத்தட்ட ஒரு எண்ணெய்ப் படை. மீன் குழம்பு ஆறினால் மேலே எண்ணெய் தனியாக நிற்குமே, தண்ணீரோடு சேராமல்? அந்தக் குணம் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது அது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டால் விலகும் வால் இரண்டு. கலத்துக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்றால் வால்களை எங்கே ஒளிப்பது? இரண்டு வரிசையாக நின்று, வாலோடு வால் சேர்த்து, தலைகளை மட்டும் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

இது இரண்டு வரிசை என்று கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1925 இல் ஒல்லாந்து நாட்டில் கோர்ற்றர், கிரென்டெல் என்ற இருவர் இரத்தத்தின் சிவப்பணுக்களான செங்குழியங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின்மேல் ஒற்றைப் படையாகப் பரப்பினார்கள். பரவிய பரப்பை அளந்தால், அது அந்தச் செங்குழியங்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் சவ்வில் இரண்டு படை இருக்க வேண்டும்! முடிவு சரி. ஆனால் அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை, செங்குழியத்தின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை சரியாக வந்தது. சோதனை மண்டபத்தில் இந்த வழியை நம்பிப் போக வேண்டாம்.

இந்த எண்ணெய்ப் படைக்குள் எதெல்லாம் நேராக நுழையலாம்? மிகச் சிறியவையும், எண்ணெயோடு ஒத்துப்போகிறவையும். ஒட்சிசன் நுழையும், காபனீரொட்சைட்டு நுழையும். மதுசாரமும் தடையின்றி நுழையும். கள்ளுக் குடித்தவரின் தலைக்கு அது அவ்வளவு கெதியாக ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரப்பைச் சுவரிலும் சரி, மூளையிலும் சரி, எந்தக் கலமும் அதை வாசலில் மறிப்பதில்லை. ஆனால் மின்னேற்றம் உள்ள சோடியம் (உப்பில் இருப்பது இதுதான்), பொற்றாசியம் போன்ற அயன்கள் எவ்வளவு சிறியவையானாலும் நுழைய முடியாது. குளுக்கோசு என்ற சீனியும் பெரியது, தண்ணீரை விரும்புவது. அதற்கும் வழி இல்லை. இந்த மூன்றையும் நினைவில் வைத்திருங்கள். ஜீவனிப் பைக்கற்றுக்குள் இருப்பவை முக்கியமாக இவைதான்.

சரி, நுழையக்கூடியவை ஏன் நுழைகின்றன? யார் தள்ளுவது?

ஒருவரும் தள்ளுவதில்லை. ஒரு பிளேன்ரியில், அதாவது பால் விடாத தேத்தண்ணியில், சீனி போட்டுக் கலக்காமல் வையுங்கள். அடியில் கரைந்த சீனி மெல்ல மெல்ல மேலே வரும். சீனி மூலக்கூறுகள் எப்போதும் அங்குமிங்கும் முட்டி மோதிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து வெளியே போகிறவை அதிகம், ஐதான இடத்திலிருந்து திரும்பி வருகிறவை குறைவு. அவ்வளவுதான். இதற்குப் பெயர் பரவல். செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு என்று பரீட்சையில் எழுதுவோம்.

பரவலைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: கிட்ட என்றால் அது மின்னல், தூரம் என்றால் ஆமை. தண்ணீர் கொஞ்சமும் அசையாமல் இருந்தால், சீனி மூலக்கூறு ஒரு கலத்தின் அகலத்தை, அதாவது மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கை, ஏறத்தாழ ஒரு செக்கனில் பத்திலொரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதே சீனி ஒரு சென்ரிமீற்றர் போக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். தூரம் ஆயிரம் மடங்கு, நேரமோ பத்து இலட்சம் மடங்கு. யானையின் கலமும் எலியின் கலமும் கிட்டத்தட்ட ஒரே அளவுச் சிறிதாக இருப்பது ஏன், எங்களுக்கு ஏன் இரத்தம் ஓட வேண்டும், தேத்தண்ணிக்கு ஏன் கரண்டி வேண்டும் என்பதற்கெல்லாம் இதுவே பதில்.

இனித் தண்ணீர். வன்னியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதியை நான் படிப்பிக்கத் தேவையே இல்லை. முல்லைத்தீவுக் கரையில் என் பெரியம்மா கருவாடு போடுவார். கட்டா மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, குடலை எடுத்து, கழுவி, பிளவுக்குள் உப்பை அள்ளித் திணித்துத் தொட்டியில் அடுக்குவார். மேலே சாக்கு, சாக்குக்கு மேல் ஒரு பாரம். விடிய வந்து சாக்கைத் தூக்கினால் மீன் பாதி தண்ணீருக்குள் கிடக்கும். “ஒரு சொட்டுத் தண்ணியும் நான் விடேல்ல, பார். உப்பு மீனிட தண்ணியைக் குடிச்சுத் துப்பிப்போட்டுது” என்பார். கையை விட்டுப் பார்த்தால் மீன் சதை முதல் நாளை விட இறுகியிருக்கும்.

உப்பு குடிப்பதில்லை என்பதைத் தவிர மற்ற எல்லாம் சரி. தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வின் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உப்பு நிறைந்த பக்கத்தில் தண்ணீரின் பங்கு குறைவு, இருப்பதில் பலவும் உப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருகிற தண்ணீர் குறைவு. மொத்தத்தில் தண்ணீர் உப்புப் பக்கம் சேர்ந்துவிடும். எங்கள் புத்தகத்தில் இதற்குப் பெயர் பிரசாரணம். தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல் என்கிறார்கள். அவர்களுடைய சொல் தானே விளக்கம் சொல்லிவிடுகிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செத்த மீனின் சவ்வுகள் கொஞ்ச நேரத்தில் பழுதாகி ஒழுகத் தொடங்கிவிடும், உப்பும் சதைக்குள் இறங்கும், ஆகவே கருவாடு சுத்தமான பிரசாரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கருவாடு கெடாமல் இருப்பதில் பிரசாரணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மீனில் வந்து இறங்கும் பற்றீரியாவும் ஒரு கலம்தானே? அந்த உப்புக்குள் அதன் உடம்புத் தண்ணீரும் வெளியே போய்விடும். பெருக முடியாமல் கிடக்கும்.

உயிருள்ள கலத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஒரு உருளைக்கிழங்கு போதும். போன மாதம் வகுப்பில் செய்தோம். ஒரே கிழங்கிலிருந்து 5 சென்ரிமீற்றர் நீளத்தில் விரல் போல இரண்டு துண்டு. ஒன்றை வெறும் தண்ணீர் விட்ட ஜாம் போத்தலிலும், மற்றதை இரண்டு மேசைக்கரண்டி ஆனையிறவு உப்புக் கரைத்த போத்தலிலும் போட்டுவிட்டு வேறு பாடம் எடுத்தோம். இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தால், தண்ணீரில் இருந்தது விறைத்துப்போய், வளைத்தவுடன் சடக்கென்று முறிந்தது. உப்பில் இருந்ததை ஒரு பிள்ளை விரலில் சுற்றிக் காட்டினாள், மோதிரம் மாதிரி. அளந்தால் நீளமும் குறைந்திருந்தது. “சேர், இது கிழங்கோ ரப்பரோ?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

தாவரக் கலத்துக்கு மென்சவ்வுக்கு வெளியே ஒரு கடினமான சுவரும் உண்டு. தண்ணீர் உள்ளே வந்தால் கலம் வீங்கிச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கும், காற்று இறுக்கின சைக்கிள் ரியூப் மாதிரி. கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த வீக்க அமுக்கத்தால். எங்கள் செங்குழியத்துக்குச் சுவர் இல்லை. வெறும் தண்ணீரில் போட்டால் வீங்கி வெடித்துவிடும். அதனால்தான் ஆசுபத்திரியில் நாளத்துக்குள் வெறும் தண்ணீர் ஏற்றுவதில்லை. லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த சேலைன் ஏற்றுகிறார்கள். அந்த அளவில் செங்குழியத்துக்குள் போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் சமன்.

இதைச் சொன்னால் கடற்கரைப் பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் வரும் கேள்வி: அப்படியென்றால் கடல் தண்ணியையே குடிக்கலாமே? கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சேலைனைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. எங்கள் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பான சிறுநீரை ஆக்க முடியாது. ஒரு லீற்றர் கடல்நீரின் உப்பைக் கழிக்க ஒரு லீற்றருக்கு மேல் உடம்புத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டிவரும். கடலுக்குப் போகிறவர்கள் குடிதண்ணீர்க் கானை மறக்காதது இதனால்தான்.

இதே கணக்குத் தோட்டத்திலும் நடக்கிறது. மிளகாய்க் கன்று கெதியாக வளரட்டும் என்று தண்டோடு சேர்த்து உரத்தைக் குவித்துவிட்டு, இரண்டு நாளில் “எரிஞ்சு போச்சு” என்று வந்து நிற்பார்கள். நெருப்பு எங்கேயும் இல்லை. வேருக்கு வெளியே மண்ணீரில் உப்புச் செறிவு ஏறி, வேர் தண்ணீரை எடுப்பதற்குப் பதிலாக இழக்கத் தொடங்கியிருக்கும். உரத்தைத் தள்ளிப் போட்டு நன்றாகத் தண்ணீர் கட்டு என்று பழைய கமக்காரர் சொல்வது சரியான வைத்தியம். பூநகரிப் பக்கம் உவர்நீர் ஏறின வயலைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். நெற்பயிர் தண்ணீருக்குள்ளேயே நிற்கும், ஆனால் நுனி காய்ந்து, தாகத்தில் சாகும்.

இதுவரை சொன்னவை எல்லாம் இறக்கத்தில் ஓடுகிறவை. ஆனால் குளுக்கோசுக்கும் அயன்களுக்கும் எண்ணெய்ப் படையில் வழியில்லை என்றேனே, அவை எப்படிப் போகின்றன? துருசு வழியாக. சவ்வுக்குள் குறுக்காகப் புதைந்து நிற்கும் புரதங்கள்தான் துருசுகள். சில, நடுவில் ஓட்டை உள்ள குழாய்கள். சில, ஒரு பக்கம் திறந்து பொருளை வாங்கி, வடிவம் மாறி, மறுபக்கம் திறந்து விடுபவை. துருசைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குத் தானே பாயும், யாரும் இறைக்கத் தேவையில்லை. அதேபோல இந்தப் புரதங்கள் வழியாகவும் பொருள் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானே போகும், சக்திச் செலவு இல்லை. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் துருசு மீன்குஞ்சு, சருகு எல்லாவற்றையும் விட்டுவிடும். புரதத் துருசு ஆள் பார்த்துத்தான் விடும்.

தண்ணீருக்கே தனித் துருசு உண்டு என்பது 1992 இல்தான் உறுதியானது. தண்ணீர் எண்ணெய்ப் படை வழியாகவே கொஞ்சம் கசியும், ஆனால் சிறுநீரகத்தில் நடக்கும் வேகத்துக்கு அந்தக் கசிவு காணாது. அமெரிக்க விஞ்ஞானி பீற்றர் ஏகர், செங்குழியத்தில் வேறு ஒன்றைத் தேடப்போய்த் தற்செயலாக இந்தப் புரதத்தைச் சந்தித்தார். அதைத் தவளை முட்டைக் கலத்தில் உருவாக்கி, ஐதான கரைசலில் போட்டபோது முட்டை மளமளவென்று வீங்கி வெடித்தது. புரதம் இல்லாத முட்டை சும்மா இருந்தது. ஒரு துருசு வழியாக ஒரு செக்கனுக்குச் சுமார் 300 கோடித் தண்ணீர் மூலக்கூறுகள் போகலாம். 2003 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு அக்குவாபோரின் என்று பெயர்.

அப்புறம், ஏற்றத்தில் தண்ணீர் கொண்டுபோக வேண்டுமானால்? துருசு உதவாது, மிசின் வேண்டும். குளத்தை விட மேட்டிலே இருக்கும் காணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றி மிசினால்தான் இறைக்க வேண்டும். கலத்திலும் மிசின் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. எண்ணெயின் பெயர் ஏ.ரீ.பீ. மிசின்களில் பெரியது சோடியம்–பொற்றாசியம் பம்பி. ஒரு ஏ.ரீ.பீ மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். வெளியே சோடியம் ஏற்கனவே நிறைந்திருக்கிறது, உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்களவு. ஆனாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் இதை வாசித்துக்கொண்டு சும்மா இருக்கும்போதுகூட, உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்திலொரு பங்களவு இந்த இறைப்புக்கே போகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. எதில் கண்டுபிடித்தார் தெரியுமா? நண்டுக் காலில். நண்டின் கால் நரம்புகளைச் சேர்த்து அரைத்துத்தான் இந்தப் பம்பியின் வேலையைப் பார்த்தார். 1957 இல் எழுதினார், நோபல் பரிசு 1997 இல். நண்டுக்காலை உடைத்துச் சதையை உறிஞ்சும்போது எனக்கு அவர் ஞாபகம் வருவதுண்டு.

மிசின் வைத்திருக்கும் செடிகளும் எங்கள் பக்கத்தில் உண்டு. கொக்கிளாய்க் கடல்நீரேரிக் கரையில் கண்டல் நிற்கிறது. பூநகரி நெல்லைக் கொன்ற அதே உப்புக்குள் அது பச்சையாக நிற்கும். கண்டல்களில் சில இனம் உள்ளே வந்த உப்பைச் சக்தி செலவழித்து இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் இலையைத் தடவி விரலை நக்கினால் உப்புக் கரிக்கும்.

துருசுக்குள்ளும் மிசினுக்குள்ளும் அடங்காத பெரிய சாமான்களைக் கலம் சவ்வோடு சேர்த்து மடித்து விழுங்கிவிடும். வெண்குழியம் கிருமியைத் தின்பது அப்படித்தான். வெளியே விடுவதும் இதன் மறுதலை. வன்னியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கிடந்த மலேரியாவின் கிருமி இந்த விசயத்தில் படு கள்ளன். செங்குழியத்தின் சவ்வை உள்நோக்கி அமத்திக்கொண்டு நுழைந்து, பிறகு தனக்குச் சாப்பாடு வர அந்தச் சவ்விலேயே புதுத் துவாரங்களையும் திறந்துகொள்ளும். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஆகவே இந்தக் கள்ளனை இப்போதைய பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

இனி ஜீவனிக்கு வரலாம். தேவையான எல்லாம் கையில் இருக்கிறது: சவ்வு, துருசு, மிசின், பிரசாரணம்.

குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் குடலுக்குள் இருக்கும் சாப்பாடும் தண்ணீரும். மறுபக்கம் இரத்தம். இரத்தப் பக்கத்தில் சோடியம் மிசின்கள் இரவு பகலாக ஓடிச் சோடியத்தை வெளியே இறைக்கின்றன. அதனால் கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடல் பக்கத்துச் சோடியத்துக்கு உள்ளே போவது இப்போது பள்ளத்தில் இறங்குவது மாதிரி. ஆனால் கதவு வேண்டும். அங்கே ஒரு விசித்திரமான கதவு இருக்கிறது: சோடியம் தனியே வந்தால் திறக்காது, குளுக்கோசு தனியே வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் விடும்.

உழவு இயந்திரப் பெட்டியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஞாபகம் பலருக்கு இருக்கும். இயந்திரம் எப்படியும் அந்தப் பக்கம் போகிறது, நாங்கள் அதில் தொற்றிக்கொள்கிறோம். பள்ளத்தில் இறங்கும் சோடியத்தில் குளுக்கோசு அப்படித் தொற்றிக்கொண்டு போகிறது, உள்ளே குளுக்கோசு கூடுதலாக இருந்தாலும். ஆனால் இந்த இயந்திரத்தில் ஒரு கூத்து: தொற்றிக்கொள்ள ஆள் வராவிட்டால் வண்டியும் வெளிக்கிடாது. சோடியமும் குளுக்கோசும் உள்ளே போய், பிறகு இரத்தப் பக்கம் போனதும், அங்கே கரைபொருள் கூடிவிடுகிறது. பெரியம்மாவின் தொட்டியில் நடந்ததுதான் இங்கேயும்: கரைபொருள் கூடிய பக்கம் தண்ணீர் போகும்.

வாந்திபேதி என்கிற கொலராவில் என்ன நடக்கிறது? கிருமியின் நஞ்சு, குடற் கலத்தில் குளோரைட்டு வெளியேறும் கதவைத் திறந்தபடி பூட்டாமல் வைத்துவிடுகிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்னால் போக, தண்ணீரும் பின்னால் போகிறது. கடுமையானால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை போகும். வெறும் தண்ணீர் குடித்தால் அதுவும் அப்படியே வெளியேறும். ஆனால் நஞ்சு அந்தச் சோடியம்–குளுக்கோசுக் கதவைத் தொடுவதில்லை! பின்வாசல் உடைந்து கொட்டிக்கொண்டிருக்க, முன்வாசல் நல்லபடி வேலை செய்கிறது. அதன் திறப்பு, அதாவது சாவி, இரண்டு பாதி: உப்பு ஒரு பாதி, சீனி மறு பாதி.

அந்தக் கதவு இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று ரொபேட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960 இல் பிராக் நகரில் ஒரு கூட்டத்தில் படம் கீறிக் காட்டினார். 11 வருடம் கழித்து, 1971 இல், கிழக்குப் பாகிஸ்தானில் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பொங்கான் பகுதியில் நெருங்கிக் கிடக்க, கொலரா வந்தது. சேலைன் முடிந்துபோனது. அங்கே நின்ற வைத்தியர் திலீப் மகலனோபிஸ், உப்பும் குளுக்கோசும் நிறுத்துப் பைகளில் அடைத்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து, உறவினரையே கோப்பையால் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேரளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில், கரைசல் குடித்தவர்களில் செத்தவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் உறவினரின் கையும் கோப்பையும்தான். செட்டிகுளத்தில் வளர்ந்த எனக்கு இந்தக் கதையைப் படித்த அன்று வேறு ஒன்றும் படிக்க முடியவில்லை.

பைக்கற் இல்லாத வேளைக்கு ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் சமனாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். சமையற்கட்டுச் சீனி குடலில் உடைந்து பாதி குளுக்கோசாக வரும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது, மாப்பொருள் மெல்ல உடைந்து குளுக்கோசு கொடுத்துக்கொண்டே இருக்கும். கஞ்சியின் அருமையை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இளநீரைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. திறப்பின் ஒரு பாதி இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள், ஜீவனிக்குப் பதிலாக நம்பி இருக்க வேண்டாம்.

கடைசியாக அளவு. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்திய கணக்கின்படி ஒரு லீற்றருக்கு குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைட்டு 2.6, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சித்திரேற்று 2.9. இந்த அளவில் கரைத்தால் கரைசல் இரத்தத்தை விடக் கொஞ்சம் ஐதாக இருக்கும், தண்ணீர் உள்ளே போக அதுவும் உதவும். அதே தூளை அரை லீற்றரில் கரைத்தால் செறிவு இரண்டு மடங்காகி இரத்தத்தை மிஞ்சிவிடும். அப்போது குடல் ஒரு கருவாட்டுத் தொட்டி. உடம்பில் மிஞ்சியிருக்கும் தண்ணீரும் குடலுக்குள் இறங்கும், வயிற்றோட்டம் கூடும்.

அன்று முகாமில் ஜீவனி கொண்டுவந்த மாமி, “தண்ணி இல்லாட்டி உள்ளதில கரையுங்கோவன், தடிப்பாய் இருந்தால் கெதியாய் நிக்கும்” என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். அம்மா கேட்கவில்லை. ஒரு லீற்றர் எவ்வளவு என்று மருத்துவமாது காட்டிக்கொடுத்த இடத்தில் போத்தலில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். அன்று தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நாலு விரல் குறைவாக நின்றது. அதற்குத்தான் என்னை வரிசைக்கு அனுப்பினார்.